ஜி.எஸ்.டி ரோடு உண்மையில் எங்கே முடிகிறது?

கூடுவாஞ்சேரியான் – திங்கள், இரவு 9:40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வரி பற்றிய இழை இல்லை. 2017 ஜூலைக்குப் பிறகு இந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே ஆட்கள் பில் புத்தகத்தைத் தேடுகிறார்கள். நான் கேட்பது ரோட்டைப் பற்றி. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு.

பொங்கலுக்குப் பெரியகுளத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே மாமா ஆரம்பித்தார். "அட்ரஸ்ல ஜி.எஸ்.டி ரோடு, கூடுவாஞ்சேரின்னு போடுறீங்களே மாப்ள, அந்த ரோடு எங்கன போய் முடியுதுன்னு தெரியுமா?"

செங்கல்பட்டு வரைக்கும் மாமா, அதுக்கப்புறம் திருச்சி ரோடு என்றேன். மனுஷன் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். வாசலில் தேனி பஸ் ஒன்று போனது. அதைக் காட்டி, "இந்தா போகுதுல்ல, இதுதான் உங்க ரோடு" என்றார்.

வீட்டுக்காரி முன்னால் இப்படி ஆகிவிட்டது. யாராவது காப்பாற்றுங்கள். ரோடு முடிவது செங்கல்பட்டிலா, திருச்சியிலா, திண்டுக்கல்லிலா, இல்லை மாமா சொல்வதுபோல் தேனியிலா?

மைல்கல் – திங்கள், இரவு 10:05

மாமா ஜெயித்துவிட்டார் சார், மன்னிக்கவும்.

பழைய தேசிய நெடுஞ்சாலை 45 என்பது சென்னை, தாம்பரம், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், பெரியகுளம், தேனி. ஏறத்தாழ 470 கி.மீ. ஜி.எஸ்.டி என்று சொன்னால் அந்த முழு நீளமும்தான். ஆனால் மாமாவுக்கு முழு மார்க் போட மாட்டேன். 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் 45 என்பது சென்னை, திருச்சி, திண்டுக்கல் இவற்றை இணைக்கும் சாலை, அத்தோடு சரி. பெரியகுளமும் தேனியும் பிறகு ஒட்டவைத்தது. மாமா சின்னப் பையனாக இருந்தபோது அவர் வாசலில் போனது 45 இல்லை.

இன்னொரு வேடிக்கை. 2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். இப்போது 45 என்றால் மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகிற ஒரு ரோடு. நம்முடையதை ஐந்து துண்டாக்கிவிட்டார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32. திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132. அங்கிருந்து திருச்சி வரை 38. திருச்சி முதல் திண்டுக்கல் வரை 83. பிறகு தேனி வரை 183.

இதில் 32 திண்டிவனத்தில் நம்மை இறக்கிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் திரும்பிக் கடலோரமாகவே தூத்துக்குடி போய்விடும். 38 வேலூரில் கிளம்பி விழுப்புரத்தில் நம்மோடு சேர்ந்து, திருச்சியில் பிரிந்து மதுரை வழியாகப் போகும். அதுவும் தூத்துக்குடிக்கே! 83 நாகப்பட்டினத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் ஓடுவது. 183 கொல்லத்து ரோடு, குமுளி மலை ஏறி இறங்கி வருவது. நாலு பேரும் வேறு வேலையாக வந்து நம் ரோட்டை ஓசியில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நமக்கென்று சொந்தமாக மிஞ்சியது திண்டிவனம்–விழுப்புரம் 132 மட்டும், ஒரு 40 கி.மீ. இருக்கும்.

பழைய கிளீனர் – திங்கள், இரவு 10:50

அண்ணே நம்பரெல்லாம் நமக்குத் தெரியாது. 86லேர்ந்து 93 வரைக்கும் இந்த ரோட்டுல லாரி கிளீனரா ஓடினேன். பெரியகுளம், தேவதானப்பட்டி பக்கம் மாங்கா ஏத்தி கொத்தவால்சாவடில எறக்கணும். அப்ப கோயம்பேடு மார்க்கெட்டே கெடையாது. வெயில் தாழ லோடு கட்டி தார்ப்பாய் இழுத்துக் கட்டுனா விடியக்காலைல மெட்ராஸ். வத்தலக்குண்டு, செம்பட்டி, திண்டுக்கல், வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை... கண்ணை மூடிக்கிட்டு இன்னிக்கும் சொல்லுவேன். தூக்கத்துல கூட ரோடு வளையறது முதுகுல தெரியும்.

கிளீனருக்கு என்ன வேலைன்னு இப்ப பசங்களுக்குத் தெரியாது. வண்டி நின்னா மொதல்ல இரும்பு ராடை எடுத்துக்கிட்டு எறங்கி டயரு டயரா தட்டணும். காத்து இருந்தா ராடு துள்ளிக்கிட்டு 'டங்'குன்னு வரும். எறங்கியிருந்தா 'தொப்'புன்னு அமுங்கும். பின்னால ஜோடி டயர்ல உள்பக்கத்து டயர் எறங்கினா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சத்தம்தான் காட்டிக்குடுக்கும். அப்புறம் டிரைவர் தூங்காம பேச்சு குடுக்கணும். எங்க டிரைவருக்கு உளுந்தூர்பேட்டை தாண்டினா கண்ணு சொருகும், அங்கேர்ந்து எங்க வீட்டுக் கதை மொத்தத்தையும் சொல்லிக்கிட்டே வருவேன். ஏழு வருசத்துல எங்க சித்தி கல்யாணக் கதையை அவருக்கு எரநூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அச்சிறுபாக்கத்துல தேங்கா ஒடைக்காம மட்டும் வண்டி நகராது. திரிபுரம் எரிக்கப் போன சிவபெருமானுக்கே புள்ளையாரைக் கும்பிடாததால அங்க தேர் அச்சு முறிஞ்சிதாம். அச்சு இற்ற எடம், அதான் அச்சிறுபாக்கம். "சாமிக்கே ஆக்ஸில் போன எடம்டா, நம்ம வண்டி எம்மாத்திரம்"னுவாரு.

ரெட்டணை சேகர் – செவ்வாய், காலை 7:15

திண்டிவனத்துக்காரன் பேசாமல் இருக்க முடியாது. எல்லோரும் வெள்ளைக்காரன் போட்ட ரோடு மாதிரி பேசுகிறீர்கள். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் மன்னன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்ற ஊர் வருகிறதே, அது எங்கள் திண்டிவனம். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று பாணனுக்கு வழி சொல்கிறார்கள். ஆக இந்த ரோட்டுக்கு வயது ஈராயிரம். பிற்பாடு ராணி மங்கம்மாள் செப்பனிட்டார். ஆங்கிலேயர் பெயர்ப்பலகை மட்டும்தான் வைத்தார்கள்.

ஊட்டத்தூர் டீச்சர் – செவ்வாய், காலை 8:30

சேகர் தம்பி, கொஞ்சம் பிரேக் போடுங்க.

கிடங்கில் திண்டிவனம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் பாணன் வந்த திசையைப் பாருங்கள். எயிற்பட்டினம் என்று சொல்லப்படுவது மரக்காணம் பக்கம், கடற்கரை. அவன் வந்தது கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவன் அந்த வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போவான். ஊர் பழையது என்றால் ஊர் வழியாகப் போகும் எல்லா ரோடும் பழையது என்று ஆகாது.

மங்கம்மாள் கதையும் அப்படித்தான். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர், சாலைக்கும் சத்திரத்துக்கும் பேர்போனவர், உண்மை. ஆனால் மங்கம்மாள் சாலை என்று மக்கள் சொல்வது மதுரைக்குத் தெற்கே. நம் ஊரில் பழைய புளியமரம் நாலு நின்றாலே மங்கம்மாள் வைத்தது என்பார்கள்.

எனக்குத் தெரிந்து இந்த ரோட்டின் தெற்குப் பாதி பட்டாளம் நடந்து உறுதியான ரோடு. பெரம்பலூருக்கு வடக்கே மங்களமேடு தாண்டும்போது ரஞ்சன்குடி கோட்டை தெரியும், பார்த்திருப்பீர்கள். 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியின் ஆட்களும் கும்பினியும் (கிழக்கிந்தியக் கம்பெனி) இன்னொரு பக்கம் நின்று மோதினார்கள். அவர்கள் வால்கொண்டா என்று எழுதிவைத்தது நம் வாலிகண்டபுரத்தைத்தான். கோட்டைக்காரர் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் முதலில் இழுத்தடித்தார். தோற்ற கும்பினிப் படை எங்கள் ஊட்டத்தூருக்குப் பின்வாங்கி, அங்கும் நிற்க முடியாமல் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்குள் புகுந்தது. அடுத்த வருடம் கிளைவ் வந்து முகாம் போட்டது சமயபுரத்தில். வாலிகண்டபுரம், ஊட்டத்தூர், சமயபுரம், கொள்ளிடம், திருச்சி. மங்களமேட்டில் பஸ் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் அதே வரிசையில் சத்தம் போடுவார். ஊட்டத்தூருக்கு மட்டும் பாடாலூரில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே போகவேண்டும்.

வடக்குப் பாதியிலும் இதே கதை. செங்கல்பட்டுக் கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்தார். ஹைதர் அலி காலத்தில், 1781 ஜனவரியில், மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கருங்குழிக் கோட்டையைக் கும்பினித் தளபதி ஐர் கூட் மீட்டார். பீரங்கி வண்டி இழுக்கிற மாட்டுக்கு மேடு பள்ளம் இல்லாத தடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். ஏரி ஏரியாகத் தொட்டுக்கொண்டு ரோடு போவது அதனால்தான் என்பது என் எண்ணம்.

ரெட்டணை சேகர் – செவ்வாய், காலை 8:52

டீச்சர் சொன்னால் சரி. ஆனால் ஈராயிரம் வருடத்தை ஒரே காலையில் 270 வருடமாகக் குறைத்தது அநியாயம்.

மைல்கல் – செவ்வாய், காலை 9:20

சேகருக்கு ஆறுதலாக ஒன்று. ரோட்டோரத்தில் கிடைத்த பொருளை வைத்து வயது சொல்லலாம் என்றால் ஈராயிரம் எல்லாம் ஜுஜுபி. 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதே அந்தக் கல்லால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இப்போது அந்தப் பக்கம் சிக்னலில் நிற்கிறவனுக்கு முன்னால் இருக்கிற பைக்கின் சைலன்சர் மட்டும்தான் தெரியும்.

நிர்வாகி – செவ்வாய், காலை 11:00

உள்ளீட்டு வரிச் சலுகை பற்றிக் கேட்டிருந்த நண்பரின் பதிவு நீக்கப்பட்டது. ஐயா, தலைப்பைப் படியுங்கள்.

தொழுதூர் மருமகள் – செவ்வாய், பகல் 2:10

டீச்சர் புளியமரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மாமியாரின் அம்மா, எல்லோருக்கும் அப்பத்தா, ரோட்டுப் புளி குத்தகை எடுத்தவர். நெடுஞ்சாலைத் துறை வருடா வருடம் ரோட்டோரப் புளியமரத்தை ஏலம் விடும். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் போட்டிருக்கும். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த நம்பர் மரம் இனிப்பு, எது கசப்பு கலந்த புளிப்பு என்று சொல்வார். மாசி பங்குனியில் உலுக்கி, வாசலில் குவித்து, தெருவே உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுப்போம். கை விரல் நகக்கண்ணில் புளி ஏறி ஒரு வாரம் எரியும், சோறு பிசைந்து சாப்பிட முடியாது.

நாலு வழிச்சாலை வந்தபோது எல்லாம் போனது. மெஷின் வைத்து அறுத்தார்கள். அப்பத்தா பார்க்கப் போகவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எந்த நம்பர் வரைக்கும் முடிஞ்சுது என்று மட்டும் கேட்டார். மறுநாளும் கேட்டார். வெள்ளாறு வரைக்கும் ஆயிருச்சு, இனி பெரம்பலூர் ஜில்லா என்று சொன்னதும் கேட்பதை விட்டுவிட்டார். இப்போது நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள். பூத்துத்தான் இருக்கிறது, பறிக்க ரோட்டைத் தாண்ட யாருக்குத் தைரியம்?

அப்புறம் ஒன்று, எங்கள் ஊரில் இதை யாரும் ஜி.எஸ்.டி என்று சொன்னதே இல்லை. மெயின் ரோடு. இப்போது பைபாஸ்.

விழுப்புரம் வாசி – செவ்வாய், மாலை 5:45

மேடம் கடைசியாகச் சொன்னதுதான் பாயிண்ட். விழுப்புரத்தில் ஒரு பக்கம் சென்னை ரோடு, மறுபக்கம் திருச்சி ரோடு. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்களோ அந்தப் பெயர். மணப்பாறைக்காரர் திண்டுக்கல் ரோடு என்பார், திண்டுக்கல்காரர் அதையே திருச்சி ரோடு என்பார். ஜி.எஸ்.டி என்பது செங்கல்பட்டுக்கு வடக்கே இருக்கிறவர்களின் பாஷை. ஆக, கேள்வி கேட்டவர் மாமனாரிடம் சொன்ன முதல் பதில் அப்படி ஒன்றும் தப்பில்லை. பெயர் செங்கல்பட்டில்தான் முடிகிறது, ரோடுதான் மேலே போகிறது.

கூடுவாஞ்சேரியான் – செவ்வாய், மாலை 6:02

சார் நீங்கள் நல்லா இருக்கணும். இதை அப்படியே வீட்டில் படித்துக் காட்டினேன். "அப்பா வாசலைத்தான காட்டுனாரு, பேரையா காட்டுனாரு" என்று பதில் வந்தது.

ஜங்ஷன் – செவ்வாய், இரவு 8:30

முடிவைப் பற்றியே பேசுகிறீர்களே, ஆரம்பம் எங்கே என்று யாராவது கேட்டீர்களா? கணக்குப்படி கத்திப்பாரா. அண்ணா சாலை அங்கே முடிந்து இது தொடங்குகிறது. 2008இல் குளோவர் இலை மேம்பாலம் திறந்தபிறகு எது எங்கே தொடங்குகிறது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஒரு சுற்று தப்பினால் பூந்தமல்லி போய்ச் சேருவான்.

ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கு ரோடு தொடங்குவது பஸ் ஸ்டாண்டில். எங்கள் அப்பாவுக்குத் திருச்சி ரோடு பாரிமுனையில் தொடங்கியது. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க சாயங்காலமே கிளம்புவார். 2002இல் கோயம்பேடு வந்தது, எனக்கு அங்கே தொடங்கியது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் திறந்தார்கள், என் பையனுக்கு வண்டலூர் தாண்டித் தொடங்குகிறது. ரோடு தலைப்பக்கத்திலிருந்து தேய்ந்துகொண்டே வருகிறது. பெருங்களத்தூரில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி பையும் பிள்ளையுமாகப் பஸ் பஸ்ஸாக ஏறிப்பார்த்து இறங்கிய தலைமுறைக்குத்தான் இதன் அர்த்தம் தெரியும்.

பஸ் என்றதும் ஒன்று. நடுராத்திரி ஏதோ ஒரு மோட்டலில் நிறுத்துவார்கள், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் ஒரு இடம் இருக்கும். பையன் ஒருவன் பஸ் பக்கவாட்டைக் கையால் பட்பட்டென்று அடித்து, "டீ காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்பான். பாட்டு காதைக் கிழிக்கும். அந்த பரோட்டாவைப் பிய்க்க முடியாமல் ஒரு தடவை பாதியோடு எழுந்து வந்தேன். பில் மட்டும் முழுசாக இருந்தது.

ஓயாமாரி – செவ்வாய், இரவு 9:55

திருச்சிக்காரன் ஆஜர். டோல்கேட்டைப் பற்றி இந்த இழையில் இதுவரை யாரும் புலம்பாதது ஆச்சரியம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். மனப்பாடம். ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ் வருகிற சத்தத்தை வைத்தே தூங்கிக்கொண்டு வருகிற என் மனைவி எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் எங்கள் ஊரில் கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு இடத்துக்குப் பெயரே நம்பர் ஒன் டோல்கேட். வெள்ளைக்காரன் காலத்துச் சாவடி. சாவடி போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, பெயர் மட்டும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பரனூரில் டோல் எடுத்துவிட்டாலும் நூறு வருடம் கழித்து டோல்கேட் ஸ்டாப் ஒண்ணு குடுங்க என்று யாராவது கேட்பார்கள்.

பழைய ரோடு அந்த டோல்கேட் வழியாகக் கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம் என்று ஊருக்குள் போனது. அந்தக் கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928இல் கட்டியது. 2016இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் இதை மூடினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. விழுந்த மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். ஊரே கரையில் நின்றது. ஒரு பெரியவர் மட்டும் பாலத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து, எவ்வளவு தண்ணி, எவ்வளவு தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊட்டத்தூர் டீச்சர் – புதன், காலை 6:40

ஏரி என்றேனே, மதுராந்தகத்தை விட்டுவிட்டேன். ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். கரை உடைந்துகொண்டே இருந்த ஏரி, கலெக்டர் லயோனல் பிளேஸ், கொட்டுகிற மழை, கரையில் வில்லோடு இரண்டு பேர் நின்றதைக் கண்டாராம், தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார். அவர் பெயர் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதே ஆள்தான் 1798இல் வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தவர். வேடந்தாங்கலுக்குப் படாளத்தில் திரும்பவேண்டும், மதுராந்தகத்துக்கு ஒரு எட்டுதான். இரண்டு இடத்தையும் ஒரே ஆளோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதினேன்.

மைல்கல் – புதன், காலை 9:10

கேள்வி கேட்டவருக்கு இறுதியாக என் கணக்கு. எண்ணை வைத்துப் பார்த்தால் ரோடு இப்போது இல்லவே இல்லை. பெயரை வைத்துப் பார்த்தால் விழுப்புரம் வாசி சொன்னபடி செங்கல்பட்டு. பழைய அட்டவணைப்படி திண்டுக்கல், பிந்தைய பட்டியல்படி தேனி. இதில் எதைச் சொன்னாலும் மாமாவிடம் எடுபடாது, அவர் கையில் வாசல் இருக்கிறது.

கூடுவாஞ்சேரியான் – புதன், இரவு 9:30

மாமாவுக்குப் போன் போட்டு ஐந்து நம்பரையும் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். "183ஆ? எங்களுக்கு அது குமுளி ரோடு மாப்ள" என்றார். பிறகு, "ஒரு லாரிக்காரர் எழுதியிருக்காருன்னீங்களே, எந்த வருசம் வரைக்கும் ஓடுனாராம்? மாங்கா யாரு தோப்புல ஏத்துனாராம், கேட்டுச் சொல்லுங்க" என்றார். மொத்த இழையில் அவருக்கு அது ஒன்றுதான் வேண்டுமாம்.

பழைய கிளீனர் – புதன், இரவு 10:15

93 வரைக்கும்ணே. தோப்புக்காரர் பேரெல்லாம் இங்க வேணாம், மாமா கிட்ட நேர்ல சொல்றேன். மொதல்ல அவரு வீடு வடகரையா தென்கரையான்னு கேளுங்க. வராகநதிப் பாலத்துக்கு இந்தாண்ட வடகரைன்னா, வாசல்ல பெரிய திண்ணை வெச்ச ஒரு வீட்டுலதான் நாங்க குடிக்கத் தண்ணி வாங்குவோம். ஒரு அம்மா செம்போட கொண்டாந்து, லாரில மேல நிக்கிற எனக்கு எட்டாதுன்னு திண்ணை மேல ஏறி நின்னு நீட்டும்.